நோர்வேயின் தேசிய வருமானம்: வளர்ந்த எண்ணும் மாறிய கணக்கும்

ஒஸ்லோ நகரின் கிழக்குப் புறத்திலுள்ள ட்வெய்ட்டா, இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பெரும்பாலும் விவசாய நிலமாகவே இருந்தது. காட்டைத் திருத்தி உண்டாக்கிய நிலத்துண்டு என்பதே அப்பெயரின் பொருள். 1960களில் அங்கு உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 1970இல் சுரங்க ரயில் பாதை வந்து சேர்ந்தது. இன்று, இலங்கைத் தமிழர் உட்படப் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து வாழும் புறநகர்ப் பகுதியில் அது அமைந்திருக்கிறது.

ட்வெய்ட்டா இவ்வாறு மாறிய அதே காலகட்டத்தில், நோர்வேயும் உலகில் தலைக்கு மிக உயர்ந்த வருமானம் பெறும் நாடுகளில் ஒன்றாக மாறியது. சுமார் 56 இலட்சம் மக்களைக் கொண்ட இந்தச் சிறிய நாட்டின் மொத்தத் தேசிய வருமானத்தைக் காட்டும் வரைபடம், அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏறுமுகமாகவே காணப்படுகிறது.

எனினும் அந்த ஏற்றம் முழுவதும் ஒரே தன்மையுடையதல்ல. அதில் ஒரு பகுதி உண்மையான வளர்ச்சி. ஒரு பகுதி விலைகளின் உயர்வு. இன்னொரு பகுதி, எதை வருமானமாகக் கொள்வது என்ற விதிகள் மாறியதன் விளைவு. இம்மூன்றையும் பிரித்தறியாமல் ஒரு நாட்டின் செல்வத்தைப் பற்றிச் சொல்லப்படும் எதுவும் தவறான முடிவுகளுக்கு இட்டுச் செல்லக்கூடும்.

இது புள்ளிவிபர வல்லுநர்களுக்கு மட்டுமே உரிய விடயம் அல்ல. பணக்கார நாடுகள் தரவேண்டிய வளர்ச்சி உதவி இந்த எண்ணின் சதவீதமாகவே அளக்கப்படுகிறது. ஏழை நாடுகளுக்குக் கிடைக்கும் சலுகைக் கடன்களின் தகுதியும் இதே எண்ணைச் சார்ந்திருக்கிறது.

எந்தப் பணம் எந்த நாட்டினுடையது?

ஒரு நாட்டின் எல்லைக்குள் ஓராண்டில் உற்பத்தியாகும் பண்டங்கள், சேவைகள் ஆகியவற்றின் மதிப்பே மொத்த உள்நாட்டு உற்பத்தி. அதனோடு வெளிநாடுகளிலிருந்து வரும் ஊதியம், வட்டி, இலாபப் பங்கு ஆகியவற்றைக் கூட்டி, வெளிநாட்டவருக்குச் செல்லும் அதே வகை வருமானங்களைக் கழித்தால் கிடைப்பது மொத்தத் தேசிய வருமானம்.

இங்கு 'தேசிய' என்ற சொல் குடியுரிமையைக் குறிப்பதல்ல, வதிவிடத்தையே குறிக்கிறது. பொதுவாக ஓராண்டு அல்லது அதற்கு மேல் ஒரு நாட்டில் வாழ்பவர் அந்நாட்டுக் கணக்கில் சேர்க்கப்படுகிறார். ட்வெய்ட்டாவில் வாழும் ஒருவர் இலங்கைக் கடவுச்சீட்டையே வைத்திருந்தாலும், ஒஸ்லோவில் அவர் பெறும் சம்பளம் நோர்வேயின் தேசிய வருமானமாகும்.

அவர் யாழ்ப்பாணத்திலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம் இலங்கையின் மொத்தத் தேசிய வருமானத்தில் சேர்வதில்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கக்கூடும். உழைப்புக்கோ முதலுக்கோ கிடைத்த பலனாக அது கருதப்படுவதில்லை. ஒருவர் மற்றவருக்கு வழங்கிய தொகையாகவே கருதப்படுகிறது. ஆகவே அது 'செலவிடத்தக்க வருமானம்' என்ற வேறொரு கணக்கில்தான் இடம்பெறுகிறது. ஓராண்டுக்கும் குறைவாக வெளிநாடு சென்று திரும்பும் தொழிலாளரின் ஊதியமோ தேசிய வருமானத்தில் சேர்கிறது.

கணக்கு பிறந்த கதை

நோர்வேயின் மத்திய புள்ளிவிபரப் பணியகம் 1876ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் அன்டர்ஸ் நிக்கோலாய் கியேர். ஒரு நாட்டைப் பற்றி அறிய அதன் எல்லா மக்களையும் எண்ணத் தேவையில்லை, சரியாகத் தெரிவு செய்யப்பட்ட ஒரு பகுதியினரே போதும் என்ற கருத்தை 1895இல் பேர்ன் நகரில் நடந்த சர்வதேச புள்ளிவிபர மாநாட்டில் முன்வைத்தவர் அவர். இன்றைய மாதிரிக் கணக்கெடுப்புகளின் முன்னோடிகளில் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார்.

தேசிய வருமானத்தை ஒரு முழுமையான கணக்கேடாக அமைக்கும் எண்ணத்தை வளர்த்தவர், ஒஸ்லோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் ரக்னர் ஃபிரிஷ். நெதர்லாந்தின் யான் டின்பெர்கனுடன் சேர்ந்து 1969இல் பொருளியலுக்கான முதலாவது நோபல் பரிசைப் பெற்றவர் இவர். நாட்டில் பணமும் பொருளும் யாரிடமிருந்து யாருக்குச் செல்கின்றன என்பதை ஒரு சுற்றோட்டமாகக் காட்டும் முறையை அவர் உருவாக்கினார். அவரது வழிவந்த ஓட் அவ்க்ரூஸ்ட் போன்றோர் அதனைப் புள்ளிவிபரப் பணியகத்தின் நடைமுறையாக்கினர்.

1935 முதல் 1943 வரையான ஆண்டுகளுக்குரிய தேசிய வருமான மதிப்பீடுகள் 1946இல் வெளியாயின. ஜெர்மன் ஆக்கிரமிப்பிலிருந்து மீண்ட நாட்டைக் கட்டியெழுப்ப, எவ்வளவு நுகரலாம், எவ்வளவு முதலீடு செய்யலாம் என்பதைத் திட்டமிட வேண்டிய தேவை அன்றைய தொழிற்கட்சி அரசுக்கு இருந்தது. அந்தத் தேவையே இந்தக் கணக்குகளுக்கு அரசியல் முக்கியத்துவத்தை அளித்தது.

நீக்கப்பட்ட உழைப்பு

அந்த ஆரம்பகால நோர்வே மதிப்பீடுகளில் ஒரு சிறப்பு அம்சம் இருந்தது. ஊதியமின்றி வீடுகளில் செய்யப்படும் வேலையின் மதிப்பும் தேசிய வருமானத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. சமையலும் துப்புரவும் பிள்ளை பராமரிப்பும் நாட்டின் உற்பத்தியே என்று அன்றைய கணக்காளர்கள் கருதினர்.

1950 அளவில் இந்த வழக்கம் கைவிடப்பட்டது. ஐரோப்பிய நாடுகளும் ஐக்கிய நாடுகள் சபையும் பொதுவான கணக்கு முறையொன்றை வகுத்துவந்த காலம் அது. பிற நாடுகளோடு ஒப்பிடத்தக்க எண்கள் தேவைப்பட்டன. பிற நாடுகளோ வீட்டுவேலையைக் கணக்கில் எடுக்கவில்லை. பெண்களின் உழைப்பு குறைந்துவிடவில்லை. கணக்கேட்டில் அதற்கிருந்த வரி மட்டும் அழிக்கப்பட்டது.

இதன் விளைவு பிற்காலத்தில் தெரிந்தது. 1970களுக்குப் பின் நோர்வேப் பெண்கள் பெருமளவில் ஊதிய வேலைக்குச் சென்றனர். வீட்டில் நடந்த பிள்ளை பராமரிப்பு படிப்படியாகப் பாலர் பாடசாலைகளுக்கு மாறியது. 2009 முதல் ஒரு வயதைக் கடந்த குழந்தைகளுக்குப் பாலர் பாடசாலையில் இடம் பெறுவது சட்டபூர்வ உரிமையாயிற்று. இந்த மாற்றத்தால் தேசிய வருமானம் உயர்ந்தது. ஆனால் அந்த உயர்வின் ஒரு பகுதி, முன்பு எண்ணப்படாமல் நடந்த வேலை, எண்ணப்படும் இடத்துக்கு நகர்ந்ததால் வந்ததாகும்.

ட்வெய்ட்டா அடுக்குமாடியொன்றில் சொந்த வீட்டில் வாழும் குடும்பம் யாருக்கும் வாடகை செலுத்துவதில்லை. எனினும் அந்த வீட்டுக்குரிய வாடகை மதிப்பிடப்பட்டு நாட்டின் உற்பத்தியில் சேர்க்கப்படுகிறது. அதே வீட்டில் தாய் தன் குடும்பத்துக்குச் சமைப்பது சேர்க்கப்படுவதில்லை. அவர் அலுவலகமொன்றைத் துப்புரவு செய்து பெறும் ஊதியமோ முழுமையாகச் சேர்க்கப்படுகிறது.

எண்ணெய் வந்த பின்

வட கடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் 1969இல் கண்டறியப்பட்டு, 1971இல் உற்பத்தி ஆரம்பமானது. உள்நாட்டு உற்பத்தி வேகமாக உயர்ந்தது. ஆனால் வெளிநாட்டு நிறுவனங்களின் இலாபமும், எண்ணெய்த் துறையைக் கட்டியமைக்க வாங்கிய கடன்களின் வட்டியும் நாட்டுக்கு வெளியே சென்றன. ஆகவே 1970களிலும் 1980களிலும் நோர்வேயின் தேசிய வருமானம் அதன் உள்நாட்டு உற்பத்தியை விடக் குறைவாகவே இருந்தது.

பின்னர் நிலைமை தலைகீழாக மாறியது. எண்ணெய் வருவாயைச் சேமிக்கும் அரச நிதியத்துக்கான சட்டம் 1990இல் இயற்றப்பட்டு, 1996இல் முதல் தொகை வைப்பிலிடப்பட்டது. இன்று உலகப் பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்டுள்ள பங்குகளில் சராசரியாக ஏறத்தாழ 1.5 சதவீதம் அந்த நிதியத்துக்குச் சொந்தம். அந்தப் பங்குகளிலிருந்து வரும் இலாபப் பங்கும், கடன் பத்திரங்களின் வட்டியும் தேசிய வருமானத்தை உள்நாட்டு உற்பத்திக்கு மேலாக உயர்த்துகின்றன.

எண்ணெய் விலையின் ஏற்ற இறக்கம் ஏனைய துறைகளின் நிலையை மறைத்துவிடாதிருக்க, எண்ணெய், எரிவாயு, கடல்கடந்த கப்பல் போக்குவரத்து ஆகியவற்றை நீக்கிய 'பெருநிலப்பரப்பு நோர்வே' என்ற தனிக் கணக்கையும் புள்ளிவிபரப் பணியகம் வெளியிட்டு வருகிறது. அயர்லாந்தும் இத்தகைய சிக்கலைச் சந்தித்தது. பன்னாட்டு நிறுவனங்களின் சொத்து இடமாற்றங்களால் 2015இல் அதன் உற்பத்தி நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெருகியதாகக் கணக்குக் காட்டியது. அதன் பின்னர் 2017இல், திருத்தப்பட்ட தேசிய வருமானம் என்ற புதிய அளவீட்டை அந்நாடு அறிமுகப்படுத்தியது.

ஓர் ஆண்டு, மூன்று விடைகள்

2022ஆம் ஆண்டு இந்தக் கணக்குகளின் இயல்பைத் தெளிவாகக் காட்டியது. யுக்ரேன் மீதான ரஷ்யப் படையெடுப்பை அடுத்து ஐரோப்பாவில் எரிவாயு விலை மிகக் கடுமையாக உயர்ந்தது. நடைமுறை விலையில் நோர்வேயின் உள்நாட்டு உற்பத்தி ஒரே ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியது. விலை மாற்றத்தை நீக்கிப் பார்த்தால் வளர்ச்சி சுமார் 3 சதவீதம் மட்டுமே.

அதே ஆண்டில் உலகப் பங்குச் சந்தைகள் சரிந்ததால், அரச நிதியம் 1.6 டிரில்லியன் குரோனருக்கும் மேல் இழந்தது. ஆனால் இந்த இழப்பு தேசிய வருமானத்தைக் குறைக்கவில்லை. சொத்துகளின் விலை மாறுவதால் வரும் இலாபமோ நட்டமோ வருமானம் ஆகாது என்பது விதி. இதன்படியே, 2024இல் நிதியம் ஈட்டிய 2.5 டிரில்லியன் குரோனர் இலாபத்தின் பெரும்பகுதியும் தேசிய வருமானத்தில் இடம்பெறவில்லை.

வெளிநாட்டு உதவியிலும் இதன் தாக்கம் தெரிந்தது. பணக்கார நாடுகள் தமது தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவியாக வழங்க வேண்டும் என்பது 1970 முதல் ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு. நோர்வே ஒரு சதவீதத்தை இலக்காகக் கொண்டிருந்தது. 2020இல் 1.1 சதவீதமாக இருந்த அதன் உதவி, 2022இல் 0.86 சதவீதமாக இறங்கியது. வருமானம் வீங்கிய வேகத்தில் உதவி கூடவில்லை. போரினால் உயர்ந்த விலையில் கிடைத்த பணத்தை எவ்வாறு பகிர்வது என்ற விவாதம் அந்நாட்டில் எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இலங்கையில் ஒரு கோடு

எண்ணின் சிறிய அசைவு எவ்வளவு பொருள்படும் என்பதற்கு இலங்கை உதாரணமாகும். உலக வங்கி நாடுகளைத் தலைக்குரிய தேசிய வருமானத்தின்படி, மூன்றாண்டு நாணய மாற்று விகிதச் சராசரியைக் கொண்டு வகைப்படுத்துகிறது. 2018ஆம் ஆண்டுக்குரிய 4,060 டாலர் வருமானத்தின் அடிப்படையில் இலங்கை 2019 ஜூலையில் மேல் நடுத்தர வருமான நாடாக உயர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு வருமானம் 4,020 டாலராகக் குறைந்ததும், எல்லைக்கோடு சற்று உயர்ந்ததும் சேர்ந்து அந்நாட்டை மீண்டும் கீழ் நடுத்தர நிலைக்குத் தள்ளின.

நாற்பது டாலர் வித்தியாசத்தால் எந்த வீட்டின் வாழ்க்கையும் தலைகீழாக மாறியிருக்க முடியாது. ஆனால் 2022இல் ரூபாயின் மதிப்பு சரிந்து பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. அப்போது, மிக வறிய நாடுகளுக்கென உலக வங்கி வைத்திருக்கும் சலுகைக் கடன்களைப் பெறும் தகுதியை இலங்கை கோரியது. 2022 டிசம்பரில் அத்தகுதி மீண்டும் வழங்கப்பட்டது. மேல் நடுத்தர நாடாக அறிவிக்கப்பட்டதிலிருந்து அதற்கு எடுத்த காலம் நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு.

நீண்ட தொடரை வாசிப்பது எப்படி?

இன்றைய நோர்வேயைப் பழைய நோர்வேயோடு ஒப்பிடுவோர், இரண்டும் ஒரே விதியால் கணக்கிடப்பட்டவையா என்று முதலில் பார்க்க வேண்டும். உதாரணமாக, முன்பு வெறும் செலவாக எழுதப்பட்ட ஆராய்ச்சிப் பணிகள் 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தில் முதலீடாக மாறின. இத்தகைய திருத்தங்களின் போது புள்ளிவிபரப் பணியகம் 1970 வரையான பழைய எண்களையும் மீளக் கணக்கிடுகிறது. ஆகவே ஒரு பழைய நூலில் அச்சான எண்ணையும் இன்றைய எண்ணையும் அருகருகே வைப்பது சரியான ஒப்பீடு ஆகாது.

மேலும் பின்னோக்கிச் சென்றால் எண்களின் உறுதி குறைகிறது. பொருளாதார வரலாற்றாளர் ஓலா கிரிட்டன் 2004இல், 1830 வரை நீளும் உற்பத்தித் தொடரொன்றை நோர்வே மத்திய வங்கிக்காக அமைத்தார். அது பயனுள்ள பணி. எனினும் பிற்காலத்தவர் பழைய பதிவுகளைக் கொண்டு மீட்டமைத்த மதிப்பீடே தவிர, அன்றைய நாளில் எடுக்கப்பட்ட கணக்கு அல்ல.

விதிகள் இன்னும் மாறிக்கொண்டேயிருக்கின்றன. நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய் மீண்டும் விளைவதில்லை. ஆயினும் அதை விற்றுப் பெறும் பணம் இதுவரை முழு வருமானமாகவே கருதப்பட்டது. 2025 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் புள்ளிவிபர ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட புதிய கணக்கு முறை, இயற்கை வளம் குறைவதை உற்பத்திச் செலவாகக் கொண்டு, நிகர வருமானத்தில் கழிக்கச் சொல்கிறது. மொத்த வருமானம் அதனால் மாறாது. நிகரக் கணக்கில் நோர்வே போன்ற நாடுகளின் கடந்த காலம் சற்று வேறாகத் தோன்றக்கூடும்.

ஊதியமற்ற வீட்டுவேலையோ இப்புதிய முறையிலும் முதன்மைக் கணக்குக்குள் வரவில்லை. நோர்வே ஒரு காலத்தில் எண்ணி, பின்னர் அழித்த அந்த வரி, இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது.