காப்பும் ஈடும்: வேளச்சேரி வணிகரை முன்னிட்டு ஓர் ஆய்வு

காப்பீடு என்னும் சொல் காப்பு, ஈடு என்னும் இரண்டன் கூட்டாகும். இழப்பு வாராமல் தடுப்பது காப்பு. வந்தபின் நிகர் அளிப்பது ஈடு. வணிகக் காப்பீடு இவ்விரண்டனுள் எதனைச் செய்கின்றது என்பதே ஈண்டு ஆராயப்படும்.

பண்டைக் கடல் வணிகர்க்கு இழப்பு இருமடங்காக வந்ததுண்டு. கலம் உடைந்து கரையொதுங்கிய சரக்கினை அந்நாட்டு மன்னரே கவர்ந்துகொள்வர். காகதீய வேந்தன் கணபதிதேவன் கி.பி. 1244-45இல் மோட்டுப்பள்ளியில் பொறித்த கல்வெட்டு அவ்வழக்கத்தை ஒழித்து, முறையான சுங்கம் நீங்கலாக ஏனைய பொருளை உரியவர்க்கே விடுத்தது. அஃது அரசன் தந்த அபயம், ஈடு அன்று. கடலில் ஆழ்ந்த பொருளுக்கு அதன்கண் விடையில்லை. பலரும் சிறுதொகை இட்டுத் திரட்டிய பொதுநிதியே அவ்விடையைத் தந்தது. 1850இல் கல்கத்தாவில் தோன்றிய டிரைட்டன் நிறுவனம் இத்தொழிலை இந்நாட்டில் தொடங்கிவைத்தது. 1973 சனவரி முதல் நாளன்று 107 நிறுவனங்கள் நான்காக அமைந்தபோது, அவற்றுள் ஒன்றாகிய யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது.

இனி, வேளச்சேரியை நோக்குவோம். ஏரிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் அண்மையிலுள்ள தாழ்நிலம் அது. 2015 திசம்பர் வெள்ளத்தில் அவ்வூர் மூழ்கியது. தீக்காப்புப் பத்திரம் பொதுவாக வெள்ளத்தையும் தழுவும் என்பதைச் சிறுவணிகர் பலர் அறியார். அறிந்தாரும் கட்டணம் குறைதற்பொருட்டுச் சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டுதல் உண்டு. பத்து இலக்கம் உரூபாய்ச் சரக்கினை ஐந்து இலக்கத்துக்கே காப்புச் செய்தவன் நான்கு இலக்கம் இழப்பின், விகித முறைப்படி இரண்டு இலக்கமே பெறுவான். எஞ்சிய பாதிக்கு அவனே காப்பாளன் எனக் கொள்ளப்படும். 2021 ஏப்ரல் முதல் சிறுதொழில்களுக்கென வந்த பாரத் சூட்சும உத்யம் சுரட்சா பத்திரம் 15 விழுக்காடு வரையிலான குறைமதிப்பைப் பொறுத்துக்கொள்கின்றது; அதற்கு மேற்பட்டதைப் பொறுப்பதில்லை. வெள்ளத்தால் கடை அடைபட்ட நாள்களின் வருவாய் இழப்புக்கோ தனிப்பத்திரம் வேண்டும்.

ஆகவே, காப்பீடு செய்வது ஈடே. அளவறியாப் பேரிழப்பினை அளவறிந்த சிறுசெலவாக மாற்றி, வீழ்ந்த வணிகனை மீண்டும் கடை திறக்கச் செய்தல் அதன் பயன். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் ஏரி வாரியம் ஆற்றிய பணியோ காப்பு. நீர்நிலை சுருங்கி வெள்ளம் அடிக்கடி வருமாயின் ஈட்டின் கட்டணமும் உயரும். ஏரியைப் பேணாத ஊர்க்குப் பத்திரம் மட்டும் அரணாகாது.