கல்கத்தாவின் இரு கண்கள்

ஒளியை உணரும் கருவிகளுள் மூத்தது உயிர்களின் கண். மனிதன் செய்த கண் மிக இளையது. இவ்விரண்டின் வரலாற்றிலும் கல்கத்தா நகருக்குச் சிறப்பானதோர் இடமுண்டு. சொந்த ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நாம் அதனை அறிந்து மகிழ்தல் தகும்.

அந்நகரின் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு ஒரு கருவி அமைத்தார். ரேடியோ அலையோ ஒளியோ பட்டவுடன், படிகத்தின் வழியே ஓடும் மின்சாரம் மாறிற்று. விழித்திரைக்கு ஒப்பான இக்கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிட்டியது.

1907-இல் கணக்குத் துறை அதிகாரியாய் அங்கு வந்தார், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி.வி. இராமன். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதைப் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞானக் கழகத்தில் கழித்தார். 1917-இல் பதவியைத் துறந்து பேராசிரியரானார். 1928-இல் அவரும் வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியை நீல ஊதா வடிகட்டி வழியே தூய திரவங்களிற் பாய்ச்சினர். சிதறிவரும் ஒளியின் எதிரே, அந்நிறத்தைத் தடுக்கும் பச்சை வடிகட்டியை வைத்தனர். நிறம் மாறாதிருப்பின் இருளே எஞ்சியிருக்கும். ஆனால் மங்கிய ஒளி தெரிந்தது! சுமார் அறுபது திரவங்களில் அவ்வாறே கண்டனர்.

அவ்வொளியை முதலில் உணர்ந்த கருவி யாது? இருளிற் பழகிய மனிதக் கண்ணே. அரைமணி நேரம் இருளில் இருந்தால், விழித்திரையின் கோலணுக்களில் நிறமிப் பொருள் நிறைந்து, கண்ணின் கூர்மை பன்மடங்காகிறது. ஓர் ஒளித்துகளே ஒரு கோலணுவைத் தூண்டவல்லது. ஆயினும் கண் ஒளியைச் சேர்த்துவைப்பதில்லை. புகைப்படத் தட்டோ மணிக்கணக்காய்ச் சேர்த்துவைக்கும். எனவே கண் கண்டதைத் தட்டு பதிந்து உலகுக்குச் சான்று பகர்ந்தது. 1930-இல் நோபல் பரிசும் வந்தது.

இன்று இராமன் விளைவை அளக்கும் கருவிகளில் ஒளியைப் பெறுவது பெரும்பாலும் சிலிக்கான். போஸின் கலீனாவைப் போன்று அதுவும் குறைகடத்தியே. ஒரே நகரில் தோன்றிய இரு முயற்சிகள் இவ்வாறு ஒரு கருவியிற் கைகோத்தன.

பிப்ரவரி 28-ஆம் நாளை 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம். அன்றிரவு நம் காலனிப் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று, விளக்கணைத்து அரைமணி நேரம் அமரச் செய்வோம். முன்பு தெரியாத விண்மீன்கள் ஒவ்வொன்றாய்த் தெரியத் தொடங்கும். விலை கொடாமற் பெற்ற அக்கருவியின் பெருமையை அவர்கள் தாமே உணர்வார்கள்.