துருவும் பெயரும்: ஒரு திறந்த காரின் முதுமை

இயந்திரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் பிறப்பை எழுதுவதோடு நின்றுவிடுகின்றனர். எந்த ஆண்டு, எந்த ஆலை, எவர் வரைந்த வடிவம் என்பன தெரிந்தால் அவர்களுக்குப் போதும். அவ்வியந்திரம் மூப்படைந்த பின்னர், பழுது பார்ப்பதா பழைய இரும்புக்குப் போடுவதா என்று அதன் உடைமையாளர் தயங்கி நின்ற காலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. எம்.ஜி.பி. என்னும் ஆங்கிலேயக் காரை முன்னிறுத்தி அவ்வரலாற்றை இங்கே பேச எண்ணுகிறோம். துணிக்கூரையை மடக்கிவிட்டால் வானம் தெரிய ஓடுகின்ற இருவர் கார் அது.

ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்னும் ஊரில் இருந்த ஆலையில் 1962ஆம் ஆண்டு எம்.ஜி.பி. பிறந்தது. 1980 அக்டோபரில் அவ்வாலை மூடப்படும் வரை, கூரையுள்ள ஜி.டி. வகையையும் சேர்த்து, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா சென்றது. செல்வச் சீமான்களுக்கென்று செய்யப்பட்டதன்று இக்கார். இதன் 1,798 சி.சி. இஞ்சின் அதே நிறுவனத்தின் சாதாரணக் குடும்பக் கார்களில் ஓடிய இஞ்சின் வகையைச் சேர்ந்தது. எளிய பட்டறையிலும் அதனைப் பிரித்துப் பூட்டிவிட இயலும். ஆகவே முதுமையில் இக்காரின் உயிரைத் தீர்மானித்தது இஞ்சின் அன்று, உடல்தான்.

இதற்கு முந்தைய எம்.ஜி.ஏ. காருக்குத் தனியே ஓர் அடிச்சட்டம் இருந்தது. எம்.ஜி.பி.யில் அச்சட்டம் நீக்கப்பட்டு, உடலே சட்டமுமாயிற்று. கூரையுள்ள காரில் அக்கூரையும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். திறந்த காரில் அத்துணை இல்லாமையால், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியின் மீது பாரமெல்லாம் இறங்குகிறது. ஆங்கிலேயர் இதனைச் 'சில்' என்பர். உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என மூன்று அடுக்குகள் கொண்ட இப்பெட்டிக்குள் மழைநீரும், குளிர்காலத்தில் சாலைகளில் தூவப்படும் உப்பும் புகுந்து தங்கிவிடும். வெளித்தகட்டின் ஓட்டைகளில் பட்டி பூசி வர்ணம் அடித்துவிட்டால் பார்வைக்குப் புதுக்கார்தான்; உள்ளே மரத்தைச் செல்லரித்தாற்போல் இரும்பு உதிர்ந்துகொண்டிருக்கும். விவரம் அறிந்தவர் வர்ணத்தைப் பார்ப்பதில்லை. காரை ஜாக்கியில் தூக்கிக் கதவின் விளிம்பிலுள்ள இடைவெளியைப் பார்க்கிறார். அவ்விடைவெளி சுருங்கினால் முதுகெலும்பு போயிற்று என்று பொருள்.

அதனைச் சீர்செய்வது பெருவேலை. மூன்று அடுக்குகளையும் அறுத்தெடுக்குமுன் கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் கம்பிகளை முட்டுக் கொடுத்துப் பற்றவைக்க வேண்டும். அவ்வாறு செய்யாது அறுத்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும். பின்னர் கதவு ஒருநாளும் சரியாகச் சாத்தாது. தகட்டின் விலை பெரிதன்று, ஆள்கூலியே பெரிது. பழங்காரைப் புதுப்பிப்போரின் கணக்குகள் பிழைபடுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். உதிரிபாகங்களின் விலையைக் கூட்டிப் பார்க்கின்றனர், மணிக்கணக்கைக் கூட்டுவதில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. ஐந்து இலட்சம் கார்கள் பிறந்தமையால் அவற்றுக்கான உதிரிபாகங்கள் எளிதில், மலிவாகக் கிடைத்தன. அதே காரணத்தால் சந்தையில் அக்காருக்கு அரிய பொருளின் விலையும் கிடைக்கவில்லை. புதுப்பித்தலை எளிதாக்கியது எதுவோ, அதுவே புதுப்பித்தலை இலாபமற்றதாகவும் ஆக்கியது. பட்டறையில் கூலி கொடுத்து முற்றிலும் புதுப்பித்தவர், செலவிட்டதை விற்பனையில் மீட்பது அரிது. பிறர் புதுப்பித்து விற்கும் காரை வாங்குவதே பெரும்பாலும் மலிவு. இதனை முதலீடு என்று சொல்லுவோரை நாம் நம்புவதற்கில்லை.

1988இல் இக்கணக்கு மாறியது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடித் திரட்டி, எம்.ஜி.பி.யின் முழு உடலையும் புதிதாகச் செய்து விற்கலாயிற்று. ஆலை மூடி எட்டு ஆண்டுகள் கழித்து அக்காருக்குப் புத்துடல் கிடைத்தது. துண்டு துண்டாக அறுத்து ஒட்டுவதைவிட, புத்துடலை வாங்கிப் பழைய இஞ்சினையும் அச்சுகளையும் இருக்கைகளையும் அதற்கு மாற்றுவது பலருக்குச் சிக்கனமாகத் தோன்றியது. 1992இல் ரோவர் நிறுவனம் இவ்வுடலையே சற்று மாற்றி ஆர்.வி.8 என்றொரு காரை அறிமுகம் செய்தது. உருவான ஏறக்குறைய 2,000 கார்களில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போயிற்று.

உடலே புதிதானால் அது பழைய கார்தானா? தத்துவவாதிகள் மட்டும் கேட்கும் வினாவன்று இது. பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்பதற்குப் பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை நெடுங்காலம் ஒரு மதிப்பெண் முறையைக் கையாண்டது. உடலுக்கு ஐந்து மதிப்பெண், இஞ்சினுக்கு ஒன்று; மொத்தம் எட்டு தேவை. மூல உடலுக்கு நிகராகப் புத்துடலும் ஏற்கப்பட்டது. இஞ்சினே காரின் உயிர் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஒற்றை மதிப்பெண் வியப்பளிக்கும்.

சுவடி மரபில் பழகிய நமக்கு இது அத்துணை அயலானதன்று. ஏடு செல்லரித்தால் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவர். பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வழக்கமும் இருந்தது. நூல் நிலைத்தது, ஓலை போயிற்று. ஆயினும் ஒப்புமையை நெடுந்தூரம் இழுக்க முடியாது. நூலுக்கு ஓலை வெறும் தாங்கி. காருக்கோ உடல் அதன் நூலிலும் பாதி. ஆகவே சில்லுகள் மட்டும் கெட்டு எஞ்சிய உடல் திடமாயிருக்கும் காரைப் பழுது பார்ப்பது தகும் என்பதே நமது துணிபு. தரையும் முன்சுவரும் சில்லுகளும் ஒருங்கே போனதைப் புத்துடலில் ஏற்றுவது வேண்டுமானால் செய்யத்தக்கதே. ஆனால் அதற்குப் புதுப்பித்தல் என்று பெயரிடத் தயங்குகிறோம். 1974இன் பிற்பகுதியில், அமெரிக்க விதிகளுக்காகக் கருநிறப் பெரும் பம்பர் பூட்டப்பட்டு உயரமும் கூட்டப்பட்ட பிற்கால வகைக்கு மதிப்பு குறைவு. அவற்றுக்குச் செலவிடுவோர் இருமடங்கு யோசிக்கத்தான் வேண்டும்.

இத்தகைய பிரிட்டிஷ் திறந்த கார்களின் நினைவில் 1989இல் மாஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்.-5 காரைக் கொணர்ந்தது. அதுவும் முதுமையுற்றது. 2017இல், முதல் தலைமுறைக் கார்களைத் தானே புதுப்பித்துத் தருவதாக மாஸ்டா அறிவித்து, அடுத்த ஆண்டு பணியைத் தொடங்கியது. துணிக்கூரை, மரத்தாலான ஸ்டியரிங் சக்கரம், அக்காலத்து டயர் ஆகியவற்றையும் மீண்டும் செய்வித்தது. ஆபிங்டன் கார்களுக்கு வேறொரு நிறுவனம் செய்ததை இங்கே பெற்ற தாயே செய்தாள். சட்டமோ நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் நாற்பது ஆண்டு கடந்த காருக்குச் சாலை வரி இல்லை. 2018 முதல், பெரிதும் மாற்றப்படாதிருப்பின், ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. ஜப்பானிலோ பதின்மூன்று ஆண்டு கடந்த பெட்ரோல் காருக்கு ஆண்டு வரி ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுகிறது. ஆலைக்கே அனுப்பிப் புதுப்பித்த காரும் அதனைச் செலுத்தித்தான் சாலைக்கு வருகிறது.