ஒரு மூடை அரிசி பதுக்கலா?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 11 வகுப்பில் எழுபதுகளின் இலங்கையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். பாண் வரிசை, கூப்பன் அரிசி, பதுக்கல்காரர்கள் என்று பாடம் போய்க்கொண்டிருந்தது. பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தார்.

"சேர், மாரி வரப்போகுதெண்டு எங்கட உம்மா ஒரு மூடை அரிசி வாங்கி வெச்சிருக்கா. அதுவும் பதுக்கலா?"

வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் உடனே சொல்ல விடை இருக்கவில்லை. அன்று எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தோம். வீட்டிலேயே மூத்தவரிடம் போய், "மாரிக்கு முதல் வீட்டில என்ன எடுத்து வைப்பீங்க?" என்று கேட்டு எழுதி வரவேண்டும். வந்த கொப்பிகளையும் நாம் படித்து அறிந்த வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தோன்றியதுதான் இந்தப் பதிவு.

கொப்பிகளில் இருந்த பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். நெல், தேங்காய், கருவாடு, மாசி, புளி, உப்பு, செத்தல் மிளகாய், மண்ணெண்ணெய். ஒரு மூத்தம்மா மட்டும் பேரனிடம், "விறக எழுது மனே, காஞ்ச விறகு இல்லாட்டி அரிசிய பாத்துக்கொண்டுதான் இரிக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். 2022 இல் கேஸ் இல்லாமல் அரிசியைப் பார்த்துக்கொண்டு இருந்த நமக்கு இது விளங்கும்.

எங்கள் கிழக்கில் இது யாரும் "அவசர ஆயத்தம்" என்று பெயர் வைத்துச் செய்த காரியமல்ல. பெரும்போக வெள்ளாமை மாசி, பங்குனியில் வெட்டப்படும். கடனும் கூலியும் போக மிஞ்சிய நெல் வீட்டுக்கு வரும். விதைநெல் தனியாக, சாப்பாட்டு நெல் தனியாக. வருட முடிவில் வடகீழ்ப் பருவமழை இறங்கினால் கடல் கொந்தளிக்கும், தோணி போகாது, வயல்வெளி ஒரே வெள்ளம், பாதை அறுந்துபோகும். அந்த ஒன்றரை, இரண்டு மாதத்தைத் தாண்டுவதற்குத்தான் மேற்படி பட்டியல். வருடா வருடம் வருவதை யாரும் அனர்த்தம் என்று சொல்வதில்லை.

இன்னொரு விசயம், அவர்கள் வைத்தது அரிசியை அல்ல, நெல்லை. உமியோடு இருந்தால் வண்டு இலேசில் பிடிக்காது, வருடம் தாங்கும். தேவைக்கு அவித்துக் குற்றிக்கொள்வார்கள். யூசுப் (அலை) அவர்கள் பஞ்ச காலத்துக்காகத் தானியத்தைக் கதிரோடேயே விட்டு வைக்கச் சொன்ன வரலாற்றை ஓதிய எல்லோருக்கும் தெரியும். எங்கள் மூத்தம்மாமாருக்கு அது ஓதித்தான் தெரியவேண்டும் என்றில்லை, கைப்பழக்கமாகவே இருந்தது. சோறாக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போடும் "பிடியரிசி"யும் அப்படித்தான். பள்ளிவாசலுக்கோ மத்ரசாவுக்கோ ஏழை வீட்டுக்கோ அது போகும். சேமிப்பும் தர்மமும் ஒரே அடுப்படியில், ஒரே கையால் நடந்தன.

ஆனால் நாடு முழுவதும் இப்படி இருக்கவில்லை. கொழும்பும் தோட்டங்களும் கடை அரிசியை நம்பியவை, அந்தக் கடை பர்மாவை நம்பியது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் இலங்கை உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து வந்தது, அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். ஏப்ரல் 5 கொழும்பிலும் ஏப்ரல் 9 திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. குண்டைப் பற்றிப் பாடநூல்கள் நிறைய எழுதுகின்றன. ரங்கூன் விழுந்ததால் பானை காலியானதைப் பற்றிக் குறைவாகத்தான் எழுதுகின்றன. அந்த வருடமே அரிசிக்குப் பங்கீடு வந்தது. கூப்பனும், அதைக் கொடுத்து அரிசி வாங்கச் சங்கக்கடையும் ஊருக்கு ஊர் வந்தன. விவசாயியிடமிருந்து அரசாங்கம் நிர்ணயித்த விலைக்கு நெல்லைக் கட்டாயமாக வாங்கும் ஏற்பாடும் வந்தது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அதுவரை ஒரு வீட்டில் எவ்வளவு நெல் இருக்கிறது என்பது அந்த வீட்டின் விசயம். 1942 க்குப் பிறகு அது அரசாங்கத்தின் கணக்கு. அநியாயம் என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. பங்கீடு இல்லாதிருந்தால் காசுள்ளவன் வாங்கி வைத்திருப்பான், கூலிக்காரன் பட்டினி கிடந்திருப்பான். 1943 இல் வங்காளத்தில் நடந்தது அதுதான், இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். இலங்கை அந்த அளவுக்குப் போகாமல் தப்பியதற்குக் கூப்பனும் ஒரு காரணம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

யுத்தம் முடிந்தும் கூப்பன் போகவில்லை. மக்கள் அதில் சாய்ந்துவிட்டார்கள். 1953 இல் கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானபோது ஓகஸ்ட் 12 ஹர்த்தால் வெடித்தது, சில மாதங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். வீட்டில் நெல் இல்லாத சனத்துக்கு அரிசி விலைதான் அரசியல்.

மாணவியின் கேள்வி பிறந்தது எழுபதுகளில். 1973, 74 இல் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஒன்றாக ஏறின. அரசாங்கத்திடம் அந்நியச் செலாவணி இல்லை. பங்கீடு வெட்டப்பட்டது. பாணுக்கு விடியுமுன் வரிசை. சாப்பாட்டுக் கடைகளில் வாரத்தில் சில நாட்கள் சோறு விற்கக்கூடாது. மரவள்ளியும் வத்தாளையும் பிரதான உணவாகின. 1971 இல் அமைக்கப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபையைத் தவிர வேறு யாரும் நெல் வாங்கக்கூடாது என்றார்கள். அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத் தடை வந்தது. வீதிக்குக் குறுக்கே தடி போட்டு வண்டிகளைச் சோதித்தார்கள். சிங்களத்தில் "ஹால் பொலு" என்று இன்றும் முதியவர்கள் சொல்வார்கள்.

எங்கள் கொப்பிகளில் மிகக் கூடுதலாக எழுதப்பட்டிருந்த காலம் இதுதான். மகள் பிள்ளைப்பேற்றுக்கு இருக்கிறாள் என்று அரிசி கொண்டுபோன ஒரு தாய், அதைப் பிள்ளைத் துணிகளுக்குள் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். சோதனை நடந்த நேரம் முழுக்க வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தாராம். "கள்ளச் சாமான் கொண்டு போறவ மாதிரி நடுங்கின" என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறார். தன் வயல் நெல், தன் மகளுக்கு. பெரிய வியாபாரிகளைப் பிடிக்கப் போட்ட தடியில் மாட்டியது இந்த மடிதான். பதுக்கல் என்ற சொல் களஞ்சியத்திலிருந்து அடுப்படிக்குள் நுழைந்தது அப்போதுதான். அந்தப் பயம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது, வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று வெளியில் சொல்லமாட்டார்கள்.

1977 க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. 1979 இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. கடையில் எப்போதும் அரிசி, எப்போதும் மா. வீடு கட்டும்போது நெல் வைக்க இடம் விடுவது நின்றது. ஆலையில் நெல்லை விற்று, பிறகு கடையில் அரிசி வாங்கும் விவசாயி இன்று எங்கள் ஊரில் சாதாரணம்.

சேமித்ததெல்லாம் காப்பாற்றியது என்று எழுதினால் பொய்யாகிவிடும். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியபோது கூரைகள் பறந்தன, வைத்திருந்த நெல் நனைந்தது. வெயில் இல்லை, காய வைக்க வழியில்லை. நனைந்த நெல்லை வறுத்து இடித்துப் பல வீட்டார் பங்கிட்டுச் சாப்பிட்டதாக மூன்று கொப்பிகளில் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த வீடுகளின் மூடைகள் அங்கேயே கிடந்தன. அவர்களுக்கு முதலில் சோறு போட்டது புத்தளத்து மக்களின் பானைகள். இதற்கு மேல் இங்கே எழுத மனம் வரவில்லை.

இப்போது, கொப்பிகளைத் திருத்தும்போது எங்களைத் திடுக்கிட வைத்த விசயத்துக்கு வருவோம். முப்பத்தைந்து கொப்பிகளில் ஒன்றில்கூடத் தண்ணீர் இல்லை.

ஏன் இருக்கவேண்டும்? வளவுக்குள் கிணறு இருந்தது. கடற்கரை மணலில் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் வரும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத்தண்ணீருக்கு மேல் ஒரு படையாக மிதந்து நிற்பதுதான் அந்த நல்ல தண்ணீர். உப்பைவிட நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் அது மேலே நிற்கிறது. 2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் வந்து கிணறுகளுக்குள்ளும் இறங்கியது. காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதும் இதே கதை. சனம் என்ன செய்தது? மோட்டர் வைத்து இறைத்தது. உப்புக் குறையவில்லையென்று மறுபடியும் இறைத்தது. தொண்டு நிறுவனங்களும் வந்து இறைத்தன. அளவுக்கு மிஞ்சி இறைக்க இறைக்க, மிதந்து நின்ற நன்னீர்ப் படை மெலிந்து கீழே இருந்த உப்பு மேலே ஏறியது. இறைப்பதை மட்டுப்படுத்தி மழை கழுவிவிடும்வரை பொறுத்திருங்கள் என்று நிபுணர்கள் பிறகுதான் சொன்னார்கள். அதுவரைக்கும், அதற்குப் பிறகு பல மாதங்களுக்கும், பவுசர்தான். குடத்தோடு வரிசையில் நின்ற பிள்ளைகளில் சிலர் இன்று எங்களோடு படிப்பிக்கிறார்கள்.

எந்த வீடும் கடைசியாகப் பட்ட கஷ்டத்துக்குத்தான் சேமிக்கிறது. பஞ்சம் கண்டவர் நெல் வைத்தார், யுத்தம் கண்டவர் மண்ணெண்ணெய் வைத்தார். சுனாமி கண்ட நாம் தண்ணீர் வைத்திருக்கவேண்டும். ஆனால் குழாய்நீர் வந்ததும் அதை மறந்துவிட்டோம்.

மாணவியின் கேள்விக்கு வருகிறோம். 2021 ஓகஸ்ட் இறுதியில் அத்தியாவசியப் பொருள் பதுக்கலுக்கு எதிராக அவசரகால விதிகள் வந்தன. களஞ்சியங்களைத் திறந்து சீனியும் நெல்லும் எடுத்தார்கள். அதே வருடம் இரசாயனப் பசளையைத் தடைசெய்ததால் பெரும்போக விளைச்சலும் விழுந்தது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த நாட்களில் பால்மா வந்த செய்தி கேட்டு, குடும்பத்தில் ஆளுக்கு ஆள் வேறு வேறு கடையில் நின்று பத்துப் பதினைந்து பக்கற் சேர்த்தவர்களை நமக்குத் தெரியும். நம்மில் சிலரும் அதைச் செய்தோம். பின்னால் நின்றவர் கைக்குழந்தையோடு வெறுங்கையாகப் போனார்.

நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்துக்கு ஒரு வருட உணவை ஒதுக்கி வைத்ததாகப் புகாரியில் வருகிறது. பதுக்குபவர் பாவி என்று முஸ்லிமில் வருகிறது. இரண்டும் முரணா என்று கேட்பவர்களுக்கு இமாம் நவவி அப்போதே விளக்கிவிட்டார். விலை ஏறிய நேரத்தில் விற்பனைக்காக உணவை வாங்கி, இன்னும் ஏறட்டும் என்று அடைத்து வைப்பதே தடுக்கப்பட்ட பதுக்கல். சொந்த விளைச்சலை வைப்பதும், மலிவான காலத்தில் வாங்கி வைப்பதும், தன் சாப்பாட்டுக்கு வாங்குவதும் அதில் சேராது. அப்படிப் பார்த்தால் அந்தப் பதினைந்து பக்கற் பால்மாவும் பதுக்கல் அல்ல என்று ஒருவர் வாதாடலாம். வாதத்தில் அவர் வெல்லக்கூடும். எங்கள் மனம் ஒப்பவில்லை. கடையில் நிறைய இருக்கும்போது மாதம் இரண்டு கிலோ கூட வாங்கி வைப்பவர், தட்டுப்பாடு வரும்போது வரிசைக்கு வரமாட்டார், வரிசை ஒரு ஆளால் குறையும். தட்டுப்பாடு வந்த பிறகு ஓடிப்போய் அள்ளுபவர்தான் வரிசையை நீளமாக்குகிறார்.

ஆகவே வகுப்பில் சொன்னோம்: உம்மா செய்தது பதுக்கல் இல்லை, மாரிக்கு முன்பு, விலை சாதாரணமாக இருக்கும்போது, வீட்டுக்கு வாங்கியிருக்கிறார். ஆனால் அது நெல் அல்ல, அரிசி. பழையதை முதலில் எடுத்துச் சமைத்து, புதியதைப் பின்னால் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் வண்டுக்குத்தான் சேமிப்பு. நிலத்தில் வைக்காமல் பலகை போட்டு உயரத்தில் வையுங்கள், வெள்ளம் முதலில் வருவது நிலத்துக்குத்தான். பிறகு கரும்பலகையில் ஒரு கணக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீட்டர், வீட்டில் 5 பேர், 3 நாள். 60 லீட்டர். மூடியுள்ள சுத்தமான கேன், நிழலான இடம், சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடவேண்டும். காசு செலவில்லாத ஒரே சேமிப்பு இதுதான், இதையும் செய்யாமல் இருக்கிறோம்.

அடுத்த நாள் அந்த மாணவி வந்தார். "சேர், உம்மா ரெண்டு கேன் வாங்கிட்டா. இன்னும் ஒண்டு வேணுமாம். மூத்தம்மா இந்தக் கதையக் கேட்டுட்டு பிடியரிசிப் பானையத் தேடுறா. அது சூறாவளியோட உடஞ்சதெண்டு வாப்பா சொல்றாரு, அவ நம்புறாவில்ல."