ராபின்சனுக்குத் திறந்த கதவு

ஃபுளோரிடாவின் டேடோனா பீச் என்றால் கார் பந்தயம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மகள் வீட்டுக்குப் போனால் நான் தேடிப் போவது ஹாலிஃபாக்ஸ் ஆற்றோரம், சிட்டி ஐலண்டில் இருக்கும் பேஸ்பால் மைதானத்தைத்தான். 1914-இல் திறந்தது. இன்று டேடோனா டார்ட்டூகாஸ் என்ற மைனர் லீக் அணி அங்கே ஆடுகிறது. பெரிய அணிகளுக்கு ஆள் தயார்செய்யும் கீழ்நிலைப் போட்டிகளே மைனர் லீக். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவள் மகள்தான்.

1940-இல் ஸ்டான் மியூசியல் டேடோனா அணியில் பந்து எறிபவராக இருந்தார். அந்த ஆண்டு தோளில் அடிபட்டு எறிவதை விட்டார். பிறகு மட்டையாளராகப் பெரும்புகழ் பெற்றார். ஆனால் இந்த மைதானம் வரலாற்றில் நிற்பது வேறொருவரால்.

1946-இல் பெரிய அணிகளில் ஒன்றான புரூக்ளின் டாட்ஜர்ஸின் நிர்வாகி பிரான்ச் ரிக்கி, கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனைத் தம் கிளை அணியான மான்ட்ரியல் ராயல்ஸில் சேர்த்துப் பயிற்சிக்கு ஃபுளோரிடா அனுப்பினார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம் மட்டுமல்ல, பல ஊர்களில் எழுதிய சட்டமும்தான். சான்ஃபோர்டில் மிரட்டல் வந்தது. அவரை இரவோடு இரவாக டேடோனாவுக்கு அழைத்து வந்தார்கள். ஜாக்சன்வில்லில் மைதானத்தைப் பூட்டினார்கள். டிலாண்டில் மின்விளக்கு பழுது என்றார்கள், நடக்கவிருந்ததோ பகலாட்டம்!

டேடோனா மட்டும் சம்மதித்தது. மார்ச் 17 அன்று டாட்ஜர்ஸுக்கு எதிராக ராபின்சன் களமிறங்கினார். பார்க்க வந்தவர்கள் சுமார் 4,000 பேர். கறுப்பர்களுக்குத் தனி இருக்கைதான். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறு ஆண்டு ஏப்ரல் 15-இல் அவர் புரூக்ளின் அணிக்காகவே ஆடினார்.

நகராட்சியின் பெருந்தன்மை என்று இதைச் சொல்லி முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஊர்க் கறுப்பர்கள் வாக்களித்தார்கள். அவர்கள் சொல்லுக்கு நகர மன்றத்தில் எடை இருந்தது. அந்த எடையைப் பல ஆண்டு உழைத்துச் சேர்த்தவர்களில் முதன்மையானவர் மேரி மெக்லியட் பெத்யூன். 1904-இல் கையில் ஒன்றரை டாலரோடு ஐந்து சிறுமிகளுக்குப் பள்ளி தொடங்கியவர். 1920-இல் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் வந்து மிரட்டியும் தம் மக்களை வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போனவர். ராபின்சனும் மனைவியும் தங்கியதும் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில்தான்.

அந்தப் பள்ளி வளர்ந்து பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழகமாகிவிட்டது. அதன் பேஸ்பால் அணிக்கும் இதுவே சொந்த மைதானம். இதைத்தான் இந்த ஊரின் மிகச் சரியான ஏற்பாடு என்பேன். எந்த மக்களைத் தனியே உட்காரவைத்தார்களோ, அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தரையில் ஆடுகிறார்கள். புயல்கள் பலமுறை இந்தத் தீவை வெள்ளக்காடாக்கின; 2022-இல் இயான் புயலிலும் ஆடுகளம் மூழ்கியது. ஒவ்வொரு முறையும் சீர்செய்திருக்கிறார்கள். 1998-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலிலும் இது சேர்ந்தது.

1990-இல் வைத்த ராபின்சன் சிலை அங்கே நிற்கிறது, பக்கத்தில் இரண்டு சிறுவர்களோடு. அந்தப் பக்கம் போகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு அதோடு திரும்பிவிடாதீர்கள். பெத்யூன் வாழ்ந்த வீடு பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது, காரில் சில நிமிடத் தூரம்தான். அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.