பிள்ளைக் காம்பராவும் ஓர் ஆயம்மாவும்

1974ஆம் ஆண்டு மலையகத் தோட்டங்களைப் பசி வாட்டியபோது, செய்தி சேகரிப்பதற்காக ஹட்டன் பகுதிக்குச் சென்றிருந்தேன். பத்திரிகைத் தொழிலுக்கு அப்போது நான் புதியவன். லயங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், தகரக் கூரையிட்ட நீண்ட அறையொன்றினுள் எட்டிப் பார்த்தேன். கூரை மரங்களிலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. கொழுந்து பறிக்க இயலாத வயதை எட்டிவிட்ட ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தையோடு இரண்டு தொட்டில்களை மாறி மாறி ஆட்டிக்கொண்டிருந்தார். தோட்ட மக்கள் பிள்ளைக் காம்பரா என்றும் பிள்ளை மடுவம் என்றும் அழைக்கும் இடம் அதுதான்.

“எத்தனை பிள்ளைகள், அம்மா?” என்று கேட்டேன்.

“இருவத்தாறு புள்ளைங்க, ஐயா. போன கெழம இருவத்தேழு இருந்திச்சு. ஒரு தொட்டில அவுத்துட்டோம்.”

அதனைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஆனால், வெளிவந்த எனது கட்டுரையில் மாப் பங்கீடு இருந்தது, விலைவாசி இருந்தது, நாட்கூலி இருந்தது. அந்த ஆயம்மா இருக்கவில்லை. எவரும் அவரை வெட்டிவிடவில்லை. நானே சேர்க்கவில்லை. அரசியல்தான் செய்தி, பிள்ளை வளர்ப்பு பெண்களின் பாடு என்று எண்ணியிருந்த வயது அது.

பிள்ளைக் காம்பரா கருணையினால் பிறந்த ஒன்றன்று. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதன் பின்னர் நிலைமை மாறிற்று. தேயிலைக்குப் பருவம் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை, பத்து நாளுக்கு ஒரு முறையென ஆண்டு முழுவதும் கொழுந்து எடுத்தாக வேண்டும். அதற்குப் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. எனவே குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. அதிகாலைப் பெரட்டுக்குத் தாய் போய்விட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? அக்கேள்விக்குத் தோட்ட நிர்வாகம் கண்ட மிக மலிவான விடையே ஓர் அறையும் ஒரு கிழவியும்.

சட்டத்தைப் படித்தாலும் இதே கணக்கைக் காணலாம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட ஏற்பாட்டின்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்க்கு வேலைநேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளைகள் உண்டு. வேலைத்தலத்தில் குழந்தைக் காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். இல்லையேல் ஒரு மணித்தியாலம். காப்பகம் கட்டுகிற முதலாளிக்கு ஒரு தாயிடமிருந்து நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் மிச்சம்.

இந்தப் பிள்ளைகளுக்கு அரசு எங்கே இருந்தது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களின் பெற்றோரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவரின் குழந்தைக்காக எந்த அரசியல்வாதி பேசுவார்? 1945இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வியின் பயனும் தோட்டங்களை உரிய காலத்தில் எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளில்தான். ஆண்களுக்குச் சமமான நாட்கூலி பெண்களுக்குக் கிடைத்ததோ 1984இல். அந்த ஆண்டுகளிலெல்லாம், தோட்டத்துக் குழந்தை பேசக் கற்றதும் எண்ணக் கற்றதும் பாட்டு கேட்டதும் பெரும்பாலும் எழுத்தறியாத ஓர் ஆயம்மாவிடமிருந்துதான். மலையகத்தின் முதல் பாலர் பாடசாலை ஆசிரியை அவரே. எந்தப் பதிவேட்டிலும் அவருக்கு அப்பெயர் இல்லை.

மாற்றம் வரவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் சென்ற 1992ஆம் ஆண்டில், அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் பங்குகொள்ளும் நிதியம் ஒன்று அமைக்கப்பட்டது. இன்று அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில் இயங்குகிறது. பிள்ளைக் காம்பராக்கள் படிப்படியாகச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் ஆயின. ஆயம்மாவின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற இளம் பெண்கள் வந்தார்கள். 2015இல் உலக வங்கி அங்கீகரித்த முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தித் திட்டத்திலும் பெருந்தோட்டங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேற்பட்டோரை ஒரு வயதுக்குள் பறிகொடுத்த எழுபதுகளை எண்ணிப் பார்க்கும்போது, இது சிறிய பயணமன்று.

ஆயினும் ஒரு முடிச்சு இன்னும் அவிழவில்லை. குழந்தைப் பராமரிப்பு, பிறந்த பிள்ளையின் உரிமையா அல்லது கொழுந்து பறிக்கும் தாய்க்குத் தோட்டம் செய்து கொடுக்கும் வசதியா? இரண்டாவதாகவே அதனைக் கருதினால், தாய் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ வேலைக்குப் போகும் நாளில் அக்குழந்தைக்கு யார் பொறுப்பு? லயத்தில் எஞ்சியிருக்கும் பாட்டிதானே! ஓர் அறையும் ஒரு கிழவியும் என்ற பழைய விடை, அறையுமின்றித் திரும்பி வருகிறது.

தேயிலை ஏற்றுமதி இத்தனை இறாத்தல், இத்தனை கிலோ என்று ஐந்து தசாப்தங்களாக நாங்கள் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறோம். தொட்டில்களை எண்ணியவர் அந்த ஆயம்மா ஒருவரே. 1974இல் நான் எழுதாமல் விட்ட ஒரு வரியை இன்றாவது எழுதிவிடுகிறேன்: இருபத்தேழு இருந்தது, இருபத்தாறு ஆயிற்று.