வீசகணிதமும் நம்மவர் கல்வியும்

பருத்தித்துறை என்றதும் கடலும் வடையும் நினைவுக்கு வருதல் போலவே கணிதமும் நினைவுக்கு வரும். 1838இல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் அங்குத் தொடங்கிய பாடசாலை, 1916இல் ஹாட்லிக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் ஆய்வு செய்து கணிதப் பேராசிரியராய் விளங்கிய கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர் (1918-2001) அதன் மாணவர். இப்பெருமையை நாம் அடிக்கடி பேசுகிறோம். அந்தக் கணிதம் யாருக்கு, எந்த மொழியில் கிடைத்தது என்பதையும் பேசுதல் வேண்டும்.

ஒருங்கமை சமன்பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு கடகமும் இரண்டு பெட்டியும் 700 ரூபா. மூன்று கடகமும் ஒரு பெட்டியும் 1,100 ரூபா. தனித்தனி விலை யாது? முதற் கூற்றின்படி, கடகத்தின் விலை 700 ரூபாவில் இரு பெட்டிகளின் விலை குறைந்தது. இதனை இரண்டாம் கூற்றிலே கடகத்துக்குப் பதிலாக இடுவோம். மூன்று கடகம் என்பது 2,100இல் ஆறு பெட்டி குறைந்தது. அதனோடு ஒரு பெட்டி சேர்ந்தால், 2,100இல் ஐந்து பெட்டி குறைந்தது 1,100 ஆகும். எனவே ஐந்து பெட்டி 1,000 ரூபா, ஒரு பெட்டி 200, கடகம் 300. தெரியாத இரண்டில் ஒன்றை மற்றதன் வாயிலாகச் சொல்லிக் கணக்கை எளிதாக்குவதே பிரதியீட்டு முறை.

இது மேனாட்டார் வந்து தந்த புதுமையன்று. 1150 அளவில் பாஸ்கரர் இயற்றிய ‘பீஜகணிதம்’, தெரியாக் கணியங்களுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள் என நிறங்களின் பெயரைச் சூட்டி, ஒரு நிறத்தின் பெறுமானத்தை மற்றவற்றால் கூறிக் கணக்கை முடித்தது. ஆனால் அவ்வறிவு வடமொழி கற்ற சிலருக்கே உரியதாயிற்று.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற கறல் விசுவநாதபிள்ளை, 1855இல் ‘வீசகணிதம்’ என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். 1857இல் அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தமிழில் உயர் கணிதம் சொல்ல முடியுமா என்ற வினாவுக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. எனினும் உத்தியோகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆதலால் பரீட்சையும் ஆங்கிலத்திலேயே நடந்தது. கட்டணம் செலுத்த வல்லோரின் பிள்ளைகளே அட்சரகணிதத்தைக் கண்டனர். ஏழைப் பிள்ளைகள் கூட்டல் கழித்தலோடு வீடு திரும்பினர்.

பணம் மட்டுமோ தடை? சாதியும் வாசலில் நின்றது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் மற்றவரோடு ஒரே வாங்கில் இருப்பதற்கான சம ஆசன உரிமை 1929-30இல் நடைமுறைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் தீக்கிரையாயின. தீயிட்டவரும் தமிழரே என்பதை நாம் மறைத்தலாகாது.

1945இல் இலவசக் கல்வி வந்தது. பின்னர் தாய்மொழி மூலக் கல்வி படிப்படியாக மேல்வகுப்புகளை எட்டியது. வள்ளம் தள்ளும் வீட்டுப் பிள்ளையும் புகையிலைத் தோட்டத்துப் பிள்ளையும் தம் வீட்டு மொழியிலேயே சமன்பாட்டைத் தீர்க்க வழி பிறந்தது. ஆனால் 1971இல் பொறியியல் பீட அனுமதிக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 வேண்டப்பட்டன. ஒரே கணக்கின் ஒரே விடைக்கு எழுதிய மொழியால் நிறை மாறிற்று.

அரசு இழைத்த அநீதியை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். கண்டிக்கும் அதே குரலால் நம் வாங்குகளில் நாம் இழைத்ததையும் கண்டித்தாலன்றி, நம் வழக்கு முழுமை பெறாது. சமக்குறியின் இரு பக்கமும் ஒரே பெறுமானம் என்று பிள்ளைக்குக் கற்பிப்போர், முதலில் அப்பிள்ளைக்கு இருக்கச் சம இடம் கொடுத்தல் வேண்டும்.